பேச்சுக்குக் கூப்பிடுகிறது சுரங்க நிறுவனம், போகலாமா?

வாசகர் கடிதம் (சுருக்கியிருக்கிறேன், பெயரும் ஊரும் வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார்):

"சார், எங்கள் ஊருக்கு மேலே ஆற்றோரமாக ஒரு திறந்தவெளிச் செம்புச் சுரங்கம் பல வருடங்களாக ஓடுகிறது. இப்போது ஆற்றின் மேல்பகுதியில் இரண்டாவது குழி வெட்டவும் புதிதாக ஒரு கழிவுச்சேற்று அணை கட்டவும் அனுமதி கேட்டிருக்கிறார்கள். நான் ஆற்றுப் பாதுகாப்புக் குழுவின் செயலாளர். மனு, மறியல் எல்லாம் பார்த்தாகிவிட்டது. திடீரென்று நிறுவனத்திலிருந்து 'நீர் மேலாண்மை குறித்த கலந்துரையாடல்' என்று அழைப்பு வந்திருக்கிறது, மூன்று வாரத்தில் பதில் வேண்டுமாம். போனாலே விலைபோய்விட்டோம் என்று பேச்சு வரும் என்கிறார்கள் குழுவில் பாதிப்பேர். மீதிப்பேர் வீட்டில் யாராவது ஒருவர் அதே சுரங்கத்தில் வேலை பார்க்கிறார், என் அண்ணன் உட்பட. தண்ணீர் பாதுகாப்பான அளவுக்குள் இருக்கிறது என்று நிறுவனம் அறிக்கை காட்டுகிறது, ஆனால் ஆற்றில் மீன் குறைந்துவிட்டது கண்ணுக்குத் தெரிகிறது. ஒப்பந்தம் போட்டால் ஆம்புலன்ஸ், பள்ளிக் கட்டடம், படிப்பு உதவித்தொகை என்கிறார்கள். போகலாமா? போனால் எதைக் கேட்பது?"

வணக்கம். போகலாம். ஆனால் அந்த அழைப்பில் எழுதியிருக்கிறபடி போகாதீர்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரித் தகராறுகளில் நடுவராக உட்காருவது என் தொழில், சில நேரம் நிறுவனங்களுக்கும் ஆலோசனை சொல்லியிருக்கிறேன், அதனால் நான் சொல்வதை அந்தக் கணக்கோடு சேர்த்தே எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் நான் சொல்வது ஒன்றுதான்: நம்பிக்கையை வளர்க்கப் பேசுவோம் என்று யாராவது ஆரம்பித்தால் உஷாராகிவிடுங்கள். நம்பிக்கை இல்லாமலே நிற்கிற ஒப்பந்தம்தான் உங்களுக்கு வேண்டும். எதிராளி சொல்வதை நம்பாமல் நீங்களே சரிபார்த்துக்கொள்ள வழி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

சரி, அழைப்புக்கு வருவோம். இரண்டாவது குழி வேண்டுமா வேண்டாமா என்பது ஒரு கேள்வி, வெட்டினால் எப்படி வெட்டுவது என்பது வேறு கேள்வி. 'நீர் மேலாண்மை' என்ற தலைப்பைப் பாருங்கள். குழி வெட்டுவது முடிவாகிவிட்டது என்று வைத்துக்கொண்டு, தண்ணீரை எப்படிச் சமாளிப்பது என்று மட்டும் பேசக் கூப்பிடுகிறார்கள். இதில் சூழ்ச்சி இருக்கிறது என்று நான் சொல்லவில்லை, அழைப்பு எழுதியவருக்கு மேலிடத்திலிருந்து கிடைத்த அதிகாரமே அவ்வளவாக இருக்கலாம். ஆனால் உங்கள் குழுவில் பாதிப்பேரின் மனதில் இருப்பது முதல் கேள்வி. ஒரு கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு வேறொரு கேள்விக்கான மேசையில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பெருவின் யானாகோச்சா தங்கச் சுரங்கம் நல்ல பாடம். 2000 ஜூனில் அந்தச் சுரங்கத்திலிருந்து போன லாரியிலிருந்து சுமார் 150 கிலோ பாதரசம் சோரோபாம்பா ஊர் வழியாகச் சாலை நெடுகச் சிந்தியது. அது என்னவென்று தெரியாமல் மக்கள் கையால் அள்ளி வீட்டுக்கு எடுத்துப்போனார்கள். அதன் பிறகு உலக வங்கிக் குழுமத்தின் குறைதீர் அலுவலகம் நடுவில் நின்று ஓர் உரையாடல் மேசையை அமைத்தது, தண்ணீரைப் பற்றி வெளியாட்களை வைத்து ஒரு சுதந்திர ஆய்வுகூட நடந்தது. குறை சொல்ல முடியாத முயற்சி. ஆனால் சுரங்கத்துக்குப் பக்கத்திலுள்ள கஹமார்கா நகரத்து மக்களின் நெஞ்சில் இருந்த கேள்வி, தங்களுக்குத் தண்ணீர் தரும் செரோ கிலிஷ் மலையை நிறுவனம் தோண்டுமா என்பதுதான். அதை அந்த மேசை தீர்க்கவில்லை, 2004 செப்டம்பரில் தெரு தீர்த்தது. பல்லாயிரம் பேர் சாலையை மறித்த பிறகு நிறுவனம் அந்த மலையிலிருந்து பின்வாங்கியது. சில வருடம் கழித்து கோங்கா என்ற விரிவாக்கத் திட்டத்திலும் ஏறக்குறைய அதே கதை, அதில் உயிரும் போனது.

முதல் கேள்விக்கு மத்தியஸ்தம் பொதுவாகப் பொருத்தமான கருவி இல்லை. பெருவிலேயே டம்போகிராண்டே ஊரில், ஊரின் ஒரு பகுதியையே இடம்பெயர்த்துவிட்டுக் குழி வெட்டத் திட்டம் வந்தபோது, 2002-ல் நகராட்சி வாக்கெடுப்பு நடத்தியது. தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் வேண்டாம் என்றார்கள். அந்த வாக்கெடுப்பு செல்லாது என்று அரசு சொன்னது உண்மை, ஆனால் அடுத்த வருடமே திட்டம் கைநழுவியது. ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் எடுப்பதா என்ற வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் முடிவைக் கிராம சபைகளிடம் விட்டது, பன்னிரண்டு கிராம சபைகளும் மறுத்தன. இரண்டு இடத்திலும் முடிவைத் தந்தது சமரசப் பேச்சு இல்லை, அப்படிப் பேசி முடித்திருந்தால் கெட்டிருக்கும் என்றுகூட எனக்குத் தோன்றுகிறது. ஆம் அல்லது இல்லை என்று சொல்ல உரிமை உள்ளவர் முதலில் அதைச் சொல்லி முடிக்க வேண்டும்.

ஆகவே உங்கள் குழு முதலில் தனியாக உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வரட்டும். இந்தக் குழி எந்த நிபந்தனையிலும் வேண்டாம் என்றால், அழைப்புக்கு மரியாதையாக மறுப்புச் சொல்லிவிட்டு அனுமதி வழங்கும் அமைப்பு, நீதிமன்றம், வாக்கு என்று அந்தப் பாதையில் முழுசாகப் போங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நிபந்தனையோடு சம்மதிக்கலாம் என்றால் மேசைக்குப் போங்கள். ஒரு நாள் மறியல், ஒரு நாள் மேசை என்று இரண்டு மனதாக இருந்தால் எதிராளி உங்களை இரண்டு குழுவாகப் பிரித்து ஒன்றோடு மட்டும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார். (பழைய சுரங்கத்தைப் பற்றி மட்டும் பேசுகிறோம், புதுக்குழி பற்றிய எங்கள் எதிர்ப்பு அப்படியே இருக்கிறது என்று எழுதி வாங்கிக்கொண்டு போவது மூன்றாவது வழி. பலருக்கு இது தோன்றுவதில்லை. உங்கள் நிலைமைக்கு இதுதான் பொருந்தும் என்பது என் ஊகம்.)

அண்ணன் விஷயம். அவர் அங்கே வேலை பார்க்கிறார் என்பதை நீங்களே குழுக்கூட்டத்தில் எழுந்து சொல்லி மினிட்ஸில் ஏற்றிவிடுங்கள், ஊருக்கெல்லாம் தெரிந்த விஷயமாக இருந்தாலும். அப்புறம், பேச்சுவார்த்தைக்கு நீங்கள் தனியாகப் போகவே கூடாது, இன்னும் இரண்டு பேராவது கூட வரட்டும், அதில் ஒருவர் 'போனாலே விலைபோனோம்' என்று சொல்கிற கட்சியாக இருக்கட்டும். அவரை வெளியே விட்டுவிட்டு வாங்கிவரும் எந்த ஒப்பந்தத்தையும் அவர் ஒரே வாரத்தில் கிழித்துவிடுவார். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால் ஒப்பந்தப் பிரிவுகளைக் கூர்மையாக்கித் தருவார்.

சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களை எதிர்த்தரப்பாக நினைக்காதீர்கள். 2019 ஜனவரி 25 அன்று பிரேசிலின் புருமடின்யோவில் வாலே நிறுவனத்தின் இரும்புத்தாதுச் சுரங்கத்துக் கழிவணை உடைந்து 270 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் சுரங்கத்திலேயே வேலை பார்த்த நிரந்தர, ஒப்பந்தத் தொழிலாளர்கள். மதியச் சாப்பாட்டு நேரம், உணவுக்கூடமும் அலுவலகமும் அணைக்கு நேர் கீழே இருந்தன. உங்கள் ஊரில் புது அணை வந்தால் சேறு முதலில் போய்ச் சேரும் இடத்தில் நிற்பவர் உங்கள் அண்ணனாக இருக்கலாம். அணை எங்கே, எந்த முறையில், எவ்வளவு உயரம், உடைந்தால் எத்தனை நிமிடத்தில் சேறு எதுவரை வரும் என்ற கேள்விகள் ஆற்றுக் குழுவுக்கும் தொழிற்சங்கத்துக்கும் பொதுவானவை. தொழிற்சங்கத்தோடு சேர்ந்து ஒரே கடிதமாகக் கேட்டுப் பாருங்கள், நிறுவனத்தின் முகம் மாறும்.

இப்போது திடீரென்று ஏன் கூப்பிடுகிறார்கள்? நல்ல மனது வந்திருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் 2014-ல் ஹார்வர்டு கென்னடி பள்ளி வெளியிட்ட ஓர் ஆய்வு, 300 முதல் 500 கோடி டாலர் முதலீடு கொண்ட பெரிய சுரங்கத் திட்டம் ஊர்த் தகராறால் நின்றுபோனால் வாரத்துக்குச் சுமார் 2 கோடி டாலர் மதிப்பு கரைகிறது என்று கணக்குக் காட்டியது. உங்கள் சுரங்கம் அவ்வளவு பெரிதாக இருக்காது. கணக்கின் தன்மை அதுவேதான். அவர்களுக்கு நேரம் பணம், உங்களுக்கு அப்படி இல்லை. மூன்று வாரக் கெடு அவர்களின் அவசரம், அதை உங்கள் அவசரமாக ஆக்கிக்கொள்ளாதீர்கள்.

கூடவே, பணம் யார் தருகிறார்கள் என்று தேடுங்கள். நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் கடன் கொடுத்த வங்கிகளின் பெயர் பெரும்பாலும் இருக்கும். உலக வங்கிக் குழுமத்தில் தனியார் நிறுவனங்களுக்குக் கடன் தரும் பிரிவான ஐஎஃப்சி-யின் பணம் இருந்தால் அதன் குறைதீர் அலுவலகத்தில் நேரடியாகப் புகார் தரலாம், வக்கீல்கூடத் தேவையில்லை. தனியார் வங்கிகளில் பல 2003-ல் உருவான ஈக்வேட்டர் கொள்கைகளில் கையெழுத்திட்டிருக்கின்றன, அவை ஐஎஃப்சி-யின் சூழல் விதிகளையே அளவுகோலாக வைத்திருக்கின்றன. கடன் கொடுத்தவர் கேட்கும் ஒரு கேள்விக்கு நிறுவனம் காட்டும் வேகம், உங்கள் நூறு மனுவுக்குக் காட்டாது. ரஷ்யாவின் சகாலின் தீவுக் கடலில் எண்ணெய் எடுக்கும் திட்டத்தில் இதைப் பார்த்தோம். நூற்றைச் சுற்றியே மிஞ்சியிருந்த மேற்குச் சாம்பல் திமிங்கலங்கள் இரை தேடும் இடத்துக்குப் பக்கமாகக் குழாய் போகவிருந்தது, கடன் தரவிருந்த வங்கிகள் தயங்கின, சுதந்திரமான விஞ்ஞானிகள் குழு ஒன்று அமைந்தது, 2005-ல் குழாயின் பாதை மாறியது. அதன் பிறகும் இயற்கைப் பாதுகாப்புக்கான உலக அமைப்பான ஐயுசிஎன் அமைத்த நிபுணர் குழு பல வருடம் கூடவே இருந்து கண்காணித்தது. எல்லாவற்றையும் நிறுவனம் கேட்டுவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனாலும் குழாய் நகர்ந்தது.

அடுத்து தண்ணீர் அறிக்கை. உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அறிக்கை பொய் என்று சண்டை போடாதீர்கள். அறிக்கையும் உண்மையாக இருக்கலாம், மீன் குறைந்ததும் உண்மையாக இருக்கலாம். குடிநீரில் செம்புக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 2 மில்லிகிராம். கடினத்தன்மை குறைந்த ஆற்று நீரில் அதில் நூறில் ஒரு பங்கு இருந்தாலே சில வகை மீன்களுக்கு, முக்கியமாகக் குஞ்சுகளுக்கு, ஆபத்து. மனிதன் குடிக்கலாம், மீன் வாழ முடியாது. ஆகவே அறிக்கையைக் கையில் வாங்கியதும் முதல் கேள்வி, எந்தத் தரத்தோடு ஒப்பிட்டிருக்கிறீர்கள், குடிநீர்த் தரமா, நீர்வாழ் உயிர்களுக்கான தரமா என்பது. இந்த ஒரு கேள்வியிலேயே சில கூட்டங்கள் திசைமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, பிஎச் (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்) மட்டும் காட்டினால் திருப்தியாகாதீர்கள். செம்புத்தாது பெரும்பாலும் கந்தகத்தோடு பிணைந்திருக்கும். பாறையை உடைத்துக் காற்றும் தண்ணீரும் பட வைத்தால் அதிலுள்ள பைரைட் போன்ற கனிமங்கள் கந்தக அமிலத்தைக் கக்க ஆரம்பிக்கும், அமிலம் மற்ற உலோகங்களைக் கரைத்து இழுத்துவரும். ஆனால் இது ஒரே நாளில் தெரியாது. பாறையில் சுண்ணாம்பு மாதிரிக் காரப்பொருள் இருக்கும்வரை அது அமிலத்தைச் சமன்செய்துகொண்டே இருக்கும், பிஎச் அசையாமல் நிற்கும், எல்லாரும் நிம்மதியாக இருப்பார்கள். அந்தச் சமயத்திலும் அமிலம் விட்டுப்போகும் எச்சமான சல்பேட்டின் அளவு மட்டும் வருடா வருடம் ஏறிக்கொண்டிருக்கும். காரப்பொருள் தீர்ந்ததும் பிஎச் சரியும், அதற்குள் காலம் கடந்திருக்கும். ஒருமுறை தொடங்கிவிட்டால் இதை நிறுத்துவது மிகவும் கடினம், சில இடங்களில் சுரங்கம் மூடி நூற்றாண்டுகள் ஆன பிறகும் ஓடுகிறது. ஆகவே சல்பேட், காரத்தன்மை, மின்கடத்துதிறன், கரைந்த உலோகங்கள் இவை எல்லாவற்றுக்கும் பழைய சுரங்கம் தொடங்கிய நாளிலிருந்து உள்ள எண்களைக் கேளுங்கள். சராசரி வேண்டாம், மூல எண்கள், தேதியோடு, இடத்தோடு. பழைய சுரங்கம் ஒன்று ஏற்கெனவே ஓடுவது இந்த விஷயத்தில் உங்களுக்கு வசதி. புதுத்திட்டங்களில் எல்லாமே கணினி மாதிரியின் ஊகம்தான், உங்களிடம் நடந்தே முடிந்த ஒரு பரிசோதனை இருக்கிறது.

மூன்றாவது, சாம்பிள் எப்போது எடுத்தது என்று பாருங்கள். நீண்ட வறட்சிக்குப் பிறகு வரும் முதல் மழைதான் கழிவுக் குவியலைக் கழுவி ஆற்றில் விடும். மாதம் ஒருமுறை முதல் செவ்வாய்க்கிழமை என்று எடுத்தால் அந்த நாள் தப்பிவிடும். குழிக்கு மேலே ஓர் இடம், கீழே பல இடங்கள், ஊர்க் கிணறுகளின் நீர்மட்டம் உட்பட. குழி ஆழமாகப் போக உள்ளே ஊறும் நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டே இருப்பார்கள், அதனால் சுற்றுவட்டாரக் கிணறு வற்றலாம், அதைக் கழிவுநீர்ச் சோதனை காட்டாது. சாம்பிளை இரண்டு தரப்பும் சேர்ந்து எடுங்கள், ஒரே தண்ணீரை இரண்டு பாட்டிலில் பிரித்து சீல் வைத்து இரண்டு லேபுக்கு அனுப்புங்கள். முடிவு இரண்டு தரப்புக்கும் ஒரே நாளில் வர வேண்டும், உங்களுக்கு முன்னால் நிறுவனத்துக்குப் போகக்கூடாது. இதற்குச் சம்மதிக்காத நிறுவனத்தோடு வேறு எதைப் பேசியும் பயனில்லை என்பது என் அனுபவம்.

நிபுணர் யார், அவருக்குக் கூலி யார் தருகிறார்? புருமடின்யோ அணை நிலையாக இருக்கிறது என்று சான்றிதழ் கொடுத்து நான்கைந்து மாதம்கூட ஆகியிருக்கவில்லை. சான்றளித்த ஆய்வு நிறுவனத்துக்குக் காசு கொடுத்தது வாலேதான். தேர்வு எழுதுகிறவனே விடைத்தாள் திருத்துகிறவனுக்குச் சம்பளம் கொடுத்த கதை. இதற்கு விடை, நிறுவனத்தின் பணமே வேண்டாம் என்பதல்ல, ஊர்க் குழுவால் ஒரு நீர்வேதியியலாளரையோ அணைப் பொறியாளரையோ சொந்தக் காசில் வைக்க முடியாது. பணம் அவர்களுடையதாகவும் ஆளைத் தேர்வு செய்வதும் நீக்குவதும் உங்களுடையதாகவும் இருக்கட்டும். அமெரிக்காவின் மொன்டானாவில் ஸ்டில்வாட்டர் பிளாட்டினம்-பல்லேடியம் சுரங்கத்துக்கும் உள்ளூர்க் குழுக்களுக்கும் இடையே 2000-ல் கையெழுத்தான 'நல்ல அண்டைவீட்டார் ஒப்பந்தம்' இப்படித்தான் அமைந்தது. குழுக்கள் தேர்ந்தெடுக்கும் நிபுணர்களுக்கு நிறுவனம் பணம் தருகிறது, தண்ணீருக்கு அரசு விதியைவிடக் கடுமையான வரம்பு, சாலையில் நெரிசல் குறையத் தொழிலாளர்களைப் பேருந்தில் ஏற்றிவருவது உட்படப் பல விஷயங்கள் அதில் உண்டு. நீதிமன்றத்தில் அமலாக்கக்கூடிய ஒப்பந்தம் அது. 2017-ல் சுரங்கம் கைமாறியபோதும் புது உரிமையாளர் அதற்குக் கட்டுப்பட்டார். இந்தக் கடைசி விஷயத்தைக் கவனியுங்கள். சுரங்கங்கள் விற்கப்படும். இன்று உங்களோடு கைகுலுக்கும் மேலாளர் இரண்டு வருடத்தில் வேறு கண்டத்தில் இருப்பார். கனடாவின் வடக்கே எகாட்டி வைரச் சுரங்கத்துக்கு 1997-ல் அமைந்த சுதந்திரக் கண்காணிப்பு அமைப்பும் பார்க்க வேண்டிய மாதிரி, அது அரசையும் நிறுவனத்தையும் சேர்த்தே கேள்வி கேட்கிறது.

புது அணையைப் பற்றி ஒரு தனி எச்சரிக்கை. கழிவுச்சேற்றின் மேலேயே அணையைப் படிப்படியாக உயர்த்திக்கொண்டு போகும் முறை ஒன்று உண்டு, செலவு குறைவு. 2015-ல் பிரேசிலின் மரியானாவிலும் பிறகு புருமடின்யோவிலும் உடைந்தவை அந்த வகைதான், அதன் பிறகு பிரேசில் அந்த முறைக்குத் தடை போட்டது. உங்கள் அணை அந்த முறையா என்று கேளுங்கள். 2020-ல் வந்த உலகளாவிய கழிவணைத் தரத்தைக் கடைப்பிடிக்கிறீர்களா என்றும் கேளுங்கள். ஆமாம் என்றால், உடைந்தால் யார் யார் பாதிக்கப்படுவார்கள் என்ற ஆய்வு அவர்கள் கையில் இருந்தாக வேண்டும். அதை வாங்கிப் படியுங்கள்.

'தற்காலிகமாக' என்ற சொல் எங்கே வந்தாலும் நிறுத்திக் கேளுங்கள். பப்புவா நியூ கினியில் ஓக் டெடி சுரங்கத்தின் கழிவணை கட்டும்போதே 1984-ல் மண்சரிவில் போனது. அணை கட்டும்வரை தற்காலிகமாக ஆற்றில் விடுகிறோம் என்றார்கள், அரசும் சம்மதித்தது, அணை கட்டப்படவே இல்லை. பல வருடம், வருடத்துக்குக் கோடிக்கணக்கான டன் கழிவு ஆற்றில் போனது. ஊர்மக்கள் மெல்போர்ன் நீதிமன்றம்வரை போய் 1996-ல் ஒரு சமரசம் வந்தது, 2002-ல் பெரும்பங்கு உரிமையாளரான பிஎச்பி விலகிப் போனது, ஆறு அங்கேயே இருக்கிறது.

பணம். சுரங்கம் மூடிய பிறகு சுத்தம் செய்யும் செலவு முன்கூட்டியே, முழுத்தொகையாக, நிறுவனம் திவாலானாலும் கைவைக்க முடியாத இடத்தில் இருக்க வேண்டும். வங்கி உத்தரவாதமோ தனி நிதியோ, எதுவானாலும் சரி, 'நிறுவனத்தின் உறுதிமொழி' மட்டும் வேண்டாம். கொலராடோவின் சமிட்வில் தங்கச் சுரங்கம் 1992 இறுதியில் திவாலாகி நடந்துபோனது, கட்டியிருந்த உத்தரவாதத் தொகை சுத்திகரிப்புச் செலவுக்குக் கொஞ்சமும் போதாத நிலை, அமெரிக்க அரசு 15 கோடி டாலருக்கு மேல் செலவழிக்க வேண்டியதாயிற்று. தொகையை யார் கணக்கிட்டார்கள், எத்தனை வருடத்துக்கு நீர்ச் சுத்திகரிப்பு என்று எடுத்துக்கொண்டார்கள், எத்தனை வருடத்துக்கொருமுறை திருத்துவார்கள் என்று உங்கள் நிபுணர் பார்க்கட்டும். வாயால் ஒப்புக்கொண்ட நிறுவனங்கள் பின்வாங்கும் இடம் பெரும்பாலும் இந்தத் தொகைதான், ஆகவே இதைக் கடைசிக் கூட்டத்துக்குத் தள்ளிவைக்காதீர்கள்.

ஆம்புலன்ஸ், பள்ளி, உதவித்தொகை? வாங்கிக்கொள்ளலாம், தனிக் காகிதத்தில். ஆற்று ஒப்பந்தத்துக்குள் அவை வரக்கூடாது. வந்தால் நாளை ஆற்றுக்காக நீங்கள் வழக்குப் போடும்போது ஆம்புலன்ஸ் நின்றுபோகும், ஊர் உங்களைத்தான் திட்டும்.

ஒப்பந்த வரைவில் மூன்று இடத்தில் கண்ணை வையுங்கள். வெளியில் பேசக்கூடாது என்ற பிரிவு, வழக்குப் போடும் உரிமையை விட்டுக்கொடுக்கும் பிரிவு, புதுத்தகவல் வந்தால் மறுபடி பேசலாம் என்ற பிரிவு இல்லாமை. ஆஸ்திரேலியாவில் ஜூகன் பள்ளத்தாக்கில் 46,000 ஆண்டுப் பழமையான மனித வாழ்விடத் தடயங்கள் கொண்ட பாறைக்குகைகளை ரியோ டின்டோ சுரங்க நிறுவனம் 2020 மே மாதம் வெடிவைத்துத் தகர்த்தது. அது சட்டவிரோதமே இல்லை. 2013-ல் வாங்கிய அனுமதி கையில் இருந்தது. குகையின் உண்மையான மதிப்பு அதற்கு அடுத்த வருட அகழாய்வில்தான் முழுசாகத் தெரிந்தது, ஆனால் கொடுத்த அனுமதியைத் திரும்பப் பரிசீலிக்க அந்தச் சட்டத்தில் பழங்குடியினருக்கு வழி இல்லை. பிறகு நடந்த நாடாளுமன்ற விசாரணையில், அந்தப் பகுதியில் பழங்குடியினரோடு போட்ட ஒப்பந்தங்களில் வாயைக் கட்டும் பிரிவுகள் இருந்ததும் வெளிவந்தது. தலைமை நிர்வாகி பதவி இழந்தார், குகை திரும்பவில்லை. ஆகவே ஐந்து வருடத்துக்கொருமுறை மறுபரிசீலனை, வரம்பு மீறினால் வேலை நிற்கும் என்ற தானியங்கிப் பிரிவு, இரண்டும் எழுத்தில் வேண்டும். வரம்பு மீறினால் 'கூடிப் பேசுவோம்' என்று எழுதினால் கூடிப் பேசிக்கொண்டே இருப்பீர்கள், ஆறும் ஓடிக்கொண்டே இருக்கும்.

நிறுவனம் என்பது ஒரே ஆள் இல்லை. சுரங்கத்திலுள்ள சூழல் பொறியாளருக்குச் சல்பேட் ஏறுவது உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும், மேலிடத்தில் சொல்லிக் கேட்காமல் விட்டிருப்பார்கள். அவரை ஊர் முன்னால் அவமானப்படுத்தாதீர்கள். நீங்கள் கேட்கும் சரியான கேள்வியால் அவர் உள்ளே ஜெயிக்கக்கூடும். உங்கள் தரப்பில் ஒருவர், செம்பே உலகத்துக்கு வேண்டாம் என்ற தோரணையில் பேச ஆரம்பித்தால் அவரையும் கொஞ்சம் அடக்குங்கள். மின்கம்பி முதல் மின்சார வண்டி வரை செம்பு வேண்டும், அது எல்லாருக்கும் தெரியும். அது இந்த ஆற்றின் மேல்பகுதியிலிருந்து, இந்த அணையோடுதான் வரவேண்டுமா என்பதைப் பேசினால் போதும்.

மேசை சரிவராவிட்டால் எழுந்து வரலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், வரலாம். என்ன நடந்தால் எழுவோம் என்பதைப் போவதற்கு முன்பே குழுவில் முடிவுசெய்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கோபத்தில் எழுந்தால் திரும்ப உட்காருவது கஷ்டம். பப்புவா நியூ கினியின் பூகன்வில் தீவில் பங்குனா செம்புச் சுரங்கம் 1972-ல் தொடங்கியபோது நிலத்தின் சொந்தக்காரர்களிடம் உண்மையாக யாரும் கேட்கவில்லை. 1989-ல் சுரங்கம் மூடி, உள்நாட்டுப் போராகி, ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். குழியின் கழிவு ஆற்றையும் மக்களையும் என்ன செய்தது என்று சேர்ந்து ஆய்வு செய்ய அதன் முன்னாள் உரிமையாளரான ரியோ டின்டோ சம்மதித்தது 2021-ல்தான். உங்களை இப்போதே கூப்பிடுகிறார்கள் என்பதை அந்த அளவுகோலில் பார்த்தால் அது சின்ன விஷயம் இல்லை.

பதில் கடிதத்தை நீளமாக எழுதாதீர்கள், ஒரு பக்கம் போதும். பேசத் தயார், ஆனால் முன்பேச்சாக ஒரே ஒரு கூட்டம், அதில் எதை எதைப் பேசுவது என்பதை மட்டும் முடிவுசெய்வோம் என்று எழுதுங்கள். புதுக்குழி பற்றிய எங்கள் ஆட்சேபம் இந்தக் கூட்டத்தால் குறைவதில்லை என்று ஒரு வரி. பழைய சுரங்கத்தின் மூல நீர்த்தரவு முழுவதும், புது அணையின் வடிவமைப்பும் உடைப்பு ஆய்வும், மூடும் செலவுக் கணக்கும் கூட்டத்துக்கு முப்பது நாள் முன்பே எங்களுக்கு வர வேண்டும் என்று ஒரு வரி. கூட்டத்தின் மினிட்ஸ் இரண்டு தரப்பும் கையெழுத்திட்டு ஊர்ப் பலகையில் ஒட்டப்படும் என்று ஒரு வரி. கடிதத்தின் நகல் அனுமதி வழங்கும் அரசு அமைப்புக்கும், கடன் கொடுத்த வங்கிக்கும், தொழிற்சங்கத்துக்கும் போகட்டும். அந்த நகல்கள் யார் யாருக்குப் போகின்றன என்பதைக் கடிதத்தின் அடியிலேயே தெளிவாக எழுதுங்கள், நிறுவனத்தில் அந்தக் கடிதத்தை முதலில் கீழிருந்துதான் படிப்பார்கள். தரவு வந்ததும் எனக்கு எழுதுங்கள், சல்பேட் எண்களை முதலில் பார்ப்போம்.